அப்பா ஜெபத்தில் சொன்னது

தனக்கு இடது கண் தெரியவில்லை என்று அப்பா ஆண்டவரிடம் சொன்னபோது, நாங்கள் நான்கு பேரும் அவரைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் தினமும் சாயங்காலம், நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் நடக்கும். நான் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கிடங்கில் ராத்திரி வேலை பார்க்கிறேன். பெட்டி அடுக்குகிற வேலை. அண்ணன் என்னை ஆந்தை என்றுதான் கூப்பிடுவான். முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருவோம். தினத் தியானப் புத்தகத்திலிருந்து அன்றைய பக்கத்தை அண்ணன் வாசிப்பான். குரல் செய்தி வாசிக்கிறவர் குரல். அந்தப் புத்தகத்தில் வாரத்துக்கு ஒரு கப்பலாவது புயலில் மாட்டும். கேப்டன் கடைசி நிமிடத்தில் முழங்கால் போடுவார். கப்பல் கரை சேர்ந்ததும் ஒவ்வொருவராக ஜெபிப்போம்.

முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத எல்லாவற்றையும் நாங்கள் ஜெபத்தில்தான் சொல்லிக்கொள்வோம்.

"ஆண்டவரே, அடுப்புல பாலை வச்சுட்டு போனை நோண்டுறவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார் அம்மா.

அடுத்தது அண்ணி. "ஆண்டவரே, பொங்கி வழிஞ்ச பாலை ஒரு வாரம் பேசுறவங்களுக்கு நாவடக்கத்தைத் தாரும்."

அண்ணன் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சமாதானம் கேட்பான். என் முறை வந்தால் நான் இருமுவேன். அடுத்தவர் தொடங்கலாம் என்று அர்த்தம். கடைசியாக அப்பா. "நடத்தினீரே, ஸ்தோத்திரம். நாளைக்கும் நடத்தும். ஆமென்." எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் ஜெபம் அவ்வளவுதான்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், ஜெபம் முடிந்ததும் ஒரு தடவை கேட்டுவிட்டார். "அத்தை, அது என்னையா சொன்னீங்க?"

"நான் ஆண்டவர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். நீ எதுக்கும்மா நடுவுல வர்ற?"

அன்றோடு சட்டம் உறுதியாகிவிட்டது. ஜெபத்தில் சொன்னது மேலே போகிற தபால். பக்கத்தில் இருக்கிறவர்கள் அதைப் பிரித்துப் படிக்கக் கூடாது.

அந்தச் சாயங்காலம் அப்பா "நடத்தினீரே" என்று தொடங்கி நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். சளி என்று நினைத்தேன்.

"ஆண்டவரே, எனக்கு இடது கண்ணு தெரியல. போன வருஷத்திலேருந்தே மங்கல். இப்ப சுத்தமா இல்ல. கண் டெஸ்ட்ல ஒரு கண்ணை மூடிட்டுப் படிக்கச் சொன்னாங்க. இடதை மூடிட்டுப் படிச்சேன். மத்த கண்ணை மூடச் சொன்னாங்க. கையை மாத்தி மறுபடியும் இடதையே மூடினேன். டாக்டர் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தார். பஸ்ஸுக்கு இடது பக்கம்தான் கதவு. பிள்ளைங்க ஏறி இறங்குற பக்கம். எனக்குத் தூக்கம் வரல. ஆமென்."

நான் கண்ணைத் திறந்தேன். மற்ற மூவரும் இன்னும் மூடியிருந்தார்கள். அண்ணியின் விரல்கள் ஒன்றோடொன்று பின்னி வெளுத்துப் போயிருந்தன. பிறகு அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சாப்பிட வாங்க."

அண்ணன் புத்தகத்தை அலமாரியில் வைத்தான். "கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா?" என்று அண்ணியைக் கேட்டான். நிஜமாகவே கேட்டான். அப்பா தட்டின் முன் உட்கார்ந்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் குனிந்து சாப்பிட்டேன். எனக்குக் கை கழுவக்கூடத் தோன்றவில்லை.

கிளம்பும்போது சமையலறை வாசலில் அண்ணியைப் பிடித்தேன். "அண்ணி, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அப்புறம்?"

"நம்மகிட்ட சொல்லலையே. நான் போய் எப்படிக் கேக்குறது? ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? நீங்க கேளுங்க. உங்க அப்பாதானே?"

நான் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

காலையில் கிடங்கிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல், பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நின்றேன். அப்பாவின் பஸ் வந்தது. கதவுக்கு எதிரே, நடைபாதையில், அவர் பார்வை விழ வேண்டிய இடத்தில் நின்று கையைத் தூக்கினேன். நல்ல வெயில். எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடி மட்டும்தான். அவர் திரும்பவில்லை. ஆட்டினேன். திரும்பவில்லை. பெற்ற மகன் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், அவருக்கு நான் அங்கே இல்லை.

பிள்ளைகள் இறங்கினார்கள். பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அக்கா, கடைசிப் பிள்ளையின் பையைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்த ஏறினார். முன்னாலேயே இறங்கிப் போன ஒரு சிறுமி திரும்பி ஓடி வந்தாள். அவளுடைய தண்ணீர் பாட்டில் உருண்டு முன் சக்கரத்துக்கு அருகில் கிடந்தது. குனிந்தாள். பஸ் நகர்ந்தது.

நான் கத்தினேனா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அந்த அக்கா கத்தினார். பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கையாலும் அடித்தார். பிரேக் போட்ட வேகத்தில் பஸ் ஒரு முறை குனிந்து நிமிர்ந்தது. சிறுமி பாட்டிலை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது என்றே தெரியாமல், பள்ளிக்குள் ஓடிப் போனாள். பாட்டில் தட்டையாகியிருந்தது.

அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அப்பா நிமிர்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னைக் கடைசிவரை பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அம்மாவின் கை ஒரு சட்டையின் மேல் அப்படியே நின்றது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"எனக்கு மட்டும் பயமில்லையாடா? நேத்து ராத்திரியிலேருந்து உபவாசம் இருக்கேன். பச்சைத் தண்ணி பல்லுல படல."

"உபவாசம் இருந்தா? பஸ்ஸை அவர்தானேம்மா ஓட்டுறார்?"

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல? கர்த்தர் காப்பாத்தினாரா இல்லையா?"

"அந்த அக்கா தகரத்துல அடிச்சாங்கம்மா."

"அடிக்க வச்சது யாரு?"

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு சட்டையின் காலரை நீவினார். "அடுத்த வருஷம் ரிட்டயர் ஆயிடுவார்டா. அதுவரைக்கும் அவர் பாத்துக்குவார்" என்றார். அந்த 'அவர்' யார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சட்டை அப்பாவின் யூனிஃபார்ம்.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். முகம் கழுவினார். உட்கார்ந்தார். அண்ணன் வாசித்தான், அன்று கப்பல் இல்லை, ஒரு தோட்டக்காரர். பிறகு ஜெபம் தொடங்கியது. அண்ணி மெல்லிய குரலில் "இந்த வீட்டுல எல்லாருக்கும் தைரியத்தைத் தாரும்" என்று மட்டும் சொன்னார். அம்மா நீளமாக ஜெபித்தார். குருடருக்குப் பார்வை கொடுத்தவரே என்றார், எங்களுக்கு ஒரு அற்புதம் செய்யும் என்றார், யார் பெயரையும் சொல்லவில்லை, எந்தக் கண் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அதற்கெல்லாம் ஆமென் சொன்னான். நான் இருமினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் இருமினேன்.

அப்பாவின் முறை வந்தது.

"கண்ணத் திறங்க" என்றார்.

அம்மா திறக்கவில்லை. ஜெபத்துக்கு நடுவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது ஆண்டவரிடம் சொன்னதா, எங்களிடம் சொன்னதா என்று அவருக்குக் குழப்பமாகியிருக்க வேண்டும்.

"உன்னையும்தான் சொல்றேன். கண்ணத் திற."

திறந்தார்.

"நேத்து நான் யார்கிட்ட சொன்னேன்னு நினைச்சீங்க?"

"ஆண்டவர்கிட்ட..." என்றான் அண்ணன்.

"அவருக்குத் தெரியாதாடா? கண்ணைக் கொடுத்தவரே அவர்தானே? அவர்கிட்ட நான் போன வருஷமே சொல்லிட்டேன். நேத்து உங்ககிட்ட சொன்னேன். இந்த வீட்டுல வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. யாராவது ஒருத்தர் போகாதீங்கன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். இவ சாப்பிடக் கூப்பிட்டா. காலையில சோத்தைக் கட்டிக் கையில கொடுத்தா. நான் போனேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்களே நிறுத்தியிருக்கலாமேப்பா. உங்களை யார் பிடிச்சுத் தள்ளினா?"

"நிறுத்தியிருக்கலாம்" என்றார். "தைரியம் இல்ல. உங்க மேல போடுறேன்னு நினைக்காத. ஓட்டினது நான்தான்."

"காலையில நானும் அங்க இருந்தேன்."

"எங்க?"

"கதவுக்கு எதிர்ல. கையை ஆட்டினேன்."

அப்பா என்னையே பார்த்தார். தலையை முழுதாக இடது பக்கம் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார். அவர் எத்தனை காலமாக எங்களை இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுத்துவலி என்று நினைத்திருந்தோம். அம்மா தினமும் தைலம் தேய்த்துவிட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். "சரிப்பா, பதட்டப்பட வேண்டாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வாங்க. அப்புறம் மெதுவா மெடிக்கல் லீவு போட்டு, ரிட்டயர்மென்ட் பாதிக்காத மாதிரி..."

"ஒரு நாளா?" அண்ணி எழுந்து நின்றார். "நமக்கு ஒரு பிள்ளை இருந்து அந்த பஸ்ல போனா ஒரு நாள்னு சொல்லுவீங்களா? மாமா, நீங்க நாளைக்குப் போகக் கூடாது. நான் உங்ககிட்டதான் சொல்றேன். உங்க முகத்தைப் பாத்துச் சொல்றேன்."

மாமனாரிடம் அண்ணி அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அம்மா அண்ணியைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

அப்பா எண்ணைத் தேடித் தடுமாறினார். நான் பேசட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஸ்பீக்கரில் போட்டார். பள்ளியின் பஸ் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே எடுத்தார். பின்னணியில் டிவி ஓடியது.

"என்ன டிரைவரே, இந்த நேரத்துல? லீவா? லீவு கேட்டு இதுவரைக்கும் ஒரு போன்கூட வந்ததில்லையே உங்ககிட்டேருந்து!"

"லீவு இல்ல சார். எனக்கு இடது கண்ணு தெரியாது."

"என்ன? அடி ஏதாவது பட்டுச்சா?"

"இல்ல சார். போன வருஷத்திலேருந்தே. டெஸ்ட்ல ஏமாத்தினேன். இன்னைக்குக் காலையில ஒரு பிள்ளை முன் சக்கரத்துக்கிட்ட குனிஞ்சது எனக்குத் தெரியல. தப்பிச்சிடுச்சு. இனிமே நான் ஓட்டக் கூடாது சார்."

அந்தப் பக்கம் டிவி நின்றது.

"போன வருஷத்திலேருந்தா?" அவர் குரல் வேறு யாருடையதோ போல ஆகியிருந்தது. "யோவ். என் பொண்ணு உன் பஸ்லதான்யா வருது."

"தெரியும் சார்" என்றார் அப்பா. "கதவுக்குப் பக்கத்து சீட்டு."

போன் எங்கோ வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால்கள் ஓடின. அவர் மகளைக் கூப்பிட்டார், ஒரு தடவை மெதுவாக, இரண்டாவது தடவை கத்தி. தூரத்தில் ஒரு சின்னக் குரல், "என்னப்பா, ஹோம்வொர்க் பண்ணிட்டுத்தான் இருக்கேன்" என்றது. பிறகு அங்கே யாரும் பேசவில்லை.

நாங்கள் ஐந்து பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கட் பண்ணக் கையை நீட்டினான். அப்பா அவன் கையைத் தள்ளிவிட்டார்.

"லைன்ல இருக்கேன் சார்" என்றார்.