எண்பதுக்கு ஐம்பது

முத்தம்மா இட்லிக் குண்டானை இறக்கும்போது உள்ளே புருஷன் கபாலி தடாலென்று விழும் சத்தம் கேட்டது. ஓடினாள். கட்டிலை விட்டு எழுந்த மனுஷன் சுவரோரம் சரிந்து கிடந்தான். முகம் வெளுத்திருந்தது. நெற்றியைத் தொட்டால் சில்லென்று வேர்வை.

போன மாதம்தான் அவனுக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

"நெஞ்சு வலிக்குதாய்யா?"

"வலி இல்ல... எழுந்தேன், கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு."

பக்கத்து வீட்டு இனாயத் ஆட்டோவை எடுத்தான். மாத்திரைப் பையை அள்ளிக்கொண்டு ஏறினாள் முத்தம்மா. மந்தைவெளி சிக்னலில் வண்டி நின்றபோது கபாலியின் தலை அவள் தோளில் கனத்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளினிக்கில் நர்ஸ் பிரஷர் பார்த்தாள். கையில் கட்டிய பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள்.

"எண்பதுக்கு ஐம்பது, டாக்டர்."

டாக்டர் மாளவிகா அவன் கால்களை உயர்த்தி வைக்கச் சொல்லி, ஈசிஜி எடுத்து, சலைன் ஏற்றினாள். பிறகு பையைக் கொட்டி இரண்டு அட்டைகளைப் பொறுக்கினாள்.

"இது ரெண்டையும் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. இது பழசு. அது நேத்து கடையில வாங்கினது. கலரே வேற கீதேம்மா."

"கம்பெனிதான் வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணுதான். இதயத்தோட பளுவைக் குறைக்கற மருந்து, பிரஷரையும் இறக்கும். ரெண்டு மடங்கு போனதால ரொம்ப இறங்கிடுச்சு."

முத்தம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். 'ஒண்ணு ஜாஸ்தியா கீதே' என்று காலையில் அவன் கேட்டான். டாக்டரைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா என்று அதட்டி, தண்ணீர் டம்ளரை நீட்டியது அவள்தான்.

"பொழைச்சிப்பாராம்மா?"

"ஈசிஜி சரியா இருக்கு. மருந்து வேகம் குறையணும். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

ஒவ்வொரு தடவை நர்ஸ் பட்டை கட்டும்போதும் முத்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தொண்ணூறு. தொண்ணூற்றாறு. நாலு மணிக்கு நூற்றுப்பத்து. கபாலி டீ கேட்டான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, டாக்டர் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்த அட்டையை எடுத்தாள். மாத்திரையைப் பிதுக்கக் கை வரவில்லை. மருந்துக்கடைக்கு நடந்துபோய், சீட்டையும் அட்டையையும் காட்டி, 'இது ஒண்ணு மட்டும்தானே' என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு திரும்பினாள்.

"குடு" என்று கபாலி கையை நீட்டினான்.

"நான்தான் குடுத்தேன்யா, நேத்து" என்றாள்.

"தெரியும். குடு."

அவன் விழுங்கி முடித்தபின்னும், சட்டென்று எழுந்துவிடாதபடி அவன் தோளை அழுத்திப் பிடித்தபடியே நின்றாள்.