கீழ் லாச்சிக்கு நாற்பது வெள்ளி

1

கொண்டை ஊசி வளைந்துவிட்டது. ருக்மணி அதைப் பல்லில் கடித்து நிமிர்த்தினாள். மறுபடியும் பூட்டுக்குள் விட்டுத் திருகினாள். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மேசைமேல் அடுக்கியிருந்த காகிதங்களை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடைதான். பூட்டுக்குள் ஏதோ கிளிக்கென்று

நிறுத்துகிறேன். பொய்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளிலேயே ஊறிய கை இது. முதல் பத்தியில் யாராவது ஓடவேண்டும், இல்லையென்றால் எதையாவது உடைக்கவேண்டும். ஆனால் ருக்மணி உடைக்கமாட்டாள். ஏனென்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் மலாக்கா டவுனில் புதுக் கணினி வாங்கப் போனேன். மேசைக் கணினி, விலை மலிவாகத்தான் இருந்தது. சேமிப்பிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றேன். அந்தக் கொஞ்சத்துக்குக் கணினி விலையில் முக்கால் பங்கு கேட்டார்கள். அதே அளவு இடம் பக்கத்துக் கடையில் தனியாகச் சல்லிசாகக் கிடைக்கிறதே என்றேன்.

"வாங்கிப் போட்டுக்கலாம் சார். ஆனா பெட்டிய நீங்க தொறந்தா வாரண்டி போயிரும்" என்றாள் கடைப் பெண், எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டு.

என் பெட்டி. நான் திறக்கக்கூடாது. வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். வீட்டில் வந்து உட்கார்ந்தால், அறுபது எழுபது வருஷத்துக்கு முந்திய மேசை ஒன்று கண்முன் வந்து நின்றது. (எனக்குக் கோபம் வந்தால் கதை வரும். அதில் மாட்டிக்கொள்வது மட்டும் வேறு யாராவது.)

2

மறுபடியும் தொடங்குகிறேன்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த மறு வருஷம். மலாக்கா காஜா பெராங்கில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் டைப்ரைட்டர், அதன் பின்னால் ருக்மணி. ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்குக் குடியுரிமை மனு அடித்துக் கொடுப்பவள். மனு போன பிறகும் அவர்கள் தங்கள் பிறப்புப் பத்திரத்தை, சூராட் என்பார்கள், திரும்ப வாங்கிக்கொண்டு போவதில்லை. தோட்டத்து லய வீடுகளில் கூரை ஒழுகும், கரையான் தின்னும். ஆபீஸர் கூப்பிடும்வரை ருக்மணி வீட்டில் இருக்கட்டும் என்பதே வழக்கமாகிவிட்டது. யாரும் ரசீது கேட்டதில்லை.

அதற்காகத்தான் புது மேசை வாங்கினாள். அறுபது வெள்ளி. நான்கு லாச்சி, இழுப்பறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேலே இருந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு சாவி கொடுத்தார்கள். கீழே இருந்த இரண்டும் பூட்டியே வந்தன. அவற்றுக்கும் சாவி வேண்டுமென்றால் இன்னும் நாற்பது.

(வாங்கும்போதே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் கணினி வாங்கியபோது எல்லாவற்றையும் கேட்டீர்களா?)

மேல் லாச்சிகள் நிறைந்துவிட்டன. மிச்சக் காகிதங்கள் மேசைமேல், மெழுகுத் துணிக்கு அடியில். அந்த நேரம் பார்த்து விடாத மழை. வீட்டுக்காரர், தலைமுறைகளுக்கு முன்பே தமிழ் மறந்து மலாய் பேசும் கம்போங் செட்டிக்காரர். கூரை ஒழுகுகிறது என்று தமிழில் சொன்னால் புரியாமல் சிரிப்பார், மலாயில் சொன்னால் புரிந்து சிரிப்பார்.

அன்று காலை பால்மரம் வெட்டும் பொன்னம்மா, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னாக்கா இது, மேசைக்கு நாலு வாய வச்சு ரெண்டத் தச்சுல்ல அனுப்பிருக்கான்?"

"காசு குடுத்தா தையலப் பிரிப்பானாம்."

"ஒரு சுத்தியலக் குடுங்க. நான் பிரிக்கிறேன்."

"வேணாம் பொன்னம்மா. காசு குடுக்காத பூட்டு."

"ஒங்க வூட்லதான இருக்கு?"

"ஒன் சூராட்டுந்தான் என் வீட்ல இருக்கு. அது என்னுதாயிருமா?"

பார்த்தீர்களா? இப்படிப்பட்டவள் கையில் கொண்டை ஊசியைக் கொடுத்தேனே, என்னைச் சொல்லவேண்டும்.

பொன்னம்மா மெழுகுத் துணியைத் தூக்கித் தன் காகிதத்தைத் தேடி எடுத்தாள். ஒரு மூலை நனைந்து மை பரவியிருந்தது.

"அப்பன் பேருல்லக்கா கரையுது. இது போச்சுன்னா நான் யாருக்குப் பொறந்தவன்னு ஆபீஸர்ட்ட எதக் காட்டுவேன்?"

எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் ருக்மணி நினைத்தாள். பொன்னம்மா காகிதத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். இருந்த இடத்திலேயே வைத்து மூடினாள். சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட ருக்மணி பேசாமல் இருந்திருப்பாள். நம்பிவிட்டுப் போனாள். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் ருக்மணி.

3

ஜாலான் துக்காங் எமாஸ். மேசையை விற்ற நாகூர் மீரானின் மரச்சாமான் கடை. அண்ணன் முறையில் அவர் எல்லோருக்கும் நானா.

"நானா, சாவி."

"நாப்பது கொண்டாந்தியா தங்கச்சி?"

"இப்ப இருவது. மிச்சம் மாசக் கடைசில."

"என் கையில இல்லம்மா. சிங்கப்பூர் ஏஜெண்டு வச்ச வெல. கொறச்சேன்னு தெரிஞ்சா சரக்க நிறுத்திருவான்."

"நாலும் ஒரே மரம், ஒரே ஆணி. கீழ ரெண்டுக்கு மட்டும் தங்கமா பூசிருக்கு?"

"தொறந்தாத்தான தெரியும்."

"அப்ப பாக்குறதுக்குத்தான் நாப்பது!"

மீரான் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

(இவரை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். தங்கப் பல் வைத்தேன், உள்ளங்கைகளைத் தேய்க்கவிட்டேன். ஒட்டவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே தன் தேத்தண்ணியை ருக்மணி பக்கம் நகர்த்தி, "குடி, நடுங்குற பாரு" என்றுவிட்டார். பல்லைப் பிடுங்கிவிட்டேன்.)

விஷயம் இதுதான். மேசைகளை இறக்கிய அன்று, எதிரே இருக்கும் பள்ளிவாசல் முன்னால் வைத்து ஏஜெண்டு அவரிடம் கையடித்து வாக்கு வாங்கியிருந்தான். விலையைக் குறைக்கக்கூடாது. அந்த மேசையைப் பற்றிய ஒரு சங்கதியை வாங்குபவர் யாரிடமும் சொல்லவும் கூடாது. என்ன ஏதென்று விளங்குவதற்குள் மீரான் கையைக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சங்கதி எனக்குத் தெரியும். இப்போது சொல்லமாட்டேன். பூட்டிவைத்து விற்பதுதானே தொடர்கதைக்காரன் பிழைப்பு. யோசித்துப் பார்த்தால் ஏஜெண்டுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம்

வேண்டாம், அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

4

முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) மீரான் மனமிளகிச் சாவியைச் சும்மா கொடுக்கிறார். கொடுத்த வாக்கு என்ன ஆவது? அடித்துவிட்டேன்.

(ஆ) பொன்னம்மா சுத்தியலோடு வருகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். ருக்மணியால் மறுநாள் அந்த மேசை முன்னால் உட்கார முடியாது. அடித்துவிட்டேன்.

(இ) மழை நின்றுவிடுகிறது. நிற்கும். நாளைக்கு மறுபடி வரும்.

நான் அடித்துத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் ருக்மணி தெருவைக் கடந்து நகைக்கடைக்குள் போய்விட்டாள். விற்க வந்த வளையல் கையில் இறுகிப்போயிருந்தது. ஆசாரி சவுக்காரமும் தண்ணீரும் எடுத்துவந்தார்.

மீரான் குடையில்லாமல் ஓடிவந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கில் வடிந்தது.

"தங்கச்சி, வளையலக் கழட்டாத!"

"அப்ப சாவியக் குடுங்க."

"குடுக்க முடியாது."

"வெலயக் கொறைங்க."

"அதும் முடியாது. நீ வூட்டுக்குப் போயி அந்த மேசைய ஒருவாட்டி நல்லாப் பாரேன்."

"தெனம் பாக்குறேன் நானா. தெனம் தொடைக்கிறேன்."

"தொடைக்காத! தொடைக்கிறத விட்டுட்டு..." தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா, நான் எப்புடிச் சொல்லுவேன்!"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். பொன்னம்மாவோட அப்பன் பேரு கரைஞ்சுக்கிட்டு இருக்கு. ஒங்களத் திட்டவா போறேன்? கடையப் பாருங்க, போங்க. நனையாதீங்க."

மீரான் போகவில்லை. பள்ளிவாசலைப் பார்த்தார். சவுக்கார நுரை வழியும் அவள் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கதைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

5

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். வளையல் இன்னும் மணிக்கட்டு எலும்பைத் தாண்டவில்லை. அதற்குள் யாராவது அவளிடம் போய்ச் சொல்லவேண்டும். நீங்கள் போங்கள். சொன்ன பிறகு அவள் வீட்டுக்கு ஓடுவாளா, காசு கொடுக்காத பூட்டு என்று சொல்லிவிட்டு மறுபடியும் சவுக்காரத்தைத் தேய்ப்பாளா, அந்தக் கீழ் லாச்சிகள் யாருடையவை, எல்லாம் உங்கள் இருவர் பாடு.

வாக்குக் கொடுத்தவர் மீரான். நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதனால் சொல்லிவிடுகிறேன்: அந்த மேசையில் நான்கு பூட்டும் ஒரே சாவியில் திறக்கும் பூட்டு. நாற்பது வெள்ளிக்கு ஏஜெண்டு விற்பது, அவள் இடுப்பில் இப்போது செருகியிருக்கும் மேல் லாச்சிச் சாவியைப் போலவே இன்னொன்று.