தூங்குமூஞ்சி என்றொரு தோழி

கஸ்டமர் கேரில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் பொறுமை ஏராளம். எல்லாம் ஊராருக்குத்தான். எவனோ பில் அதிகம் வந்துவிட்டது என்று வாய்க்கு வந்தபடி ஏசினாலும் தேனாகப் பேசுவாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாலோ வாயைத் திறக்கவே அலுப்பு. ஒன்பதாவது படிக்கும் மகள் ஏதாவது சொல்ல வந்தால், "அப்புறம் சொல்லுடி, தலை வெடிக்குது" என்பாள். அந்த அப்புறம் வந்ததே இல்லை. மகள் போனும் கையுமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி என்னதான்டி இருக்கு அந்தக் கருமத்துல?" கேட்டால் பதில் வருமா? துப்புத் துலக்கக் கிளம்பினாள் மகராசி. போனில் பொய்க் கணக்கு ஒன்று தொடங்கி, ஒரு பூனைப் படத்தை வைத்து, 'தூங்குமூஞ்சி' என்று பெயர் போட்டு, வேறு பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி மகளோடு சிநேகமானாள். காதல் கீதல் என்று எவனாவது சுற்றுகிறானா என்று பார்க்க வேண்டுமாம்.

எவனும் இல்லை. பல்லில் மாட்டிய கம்பியைச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள், யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை, மத்தியானம் கழிவறைக்குள் வைத்துத்தான் சாப்பிடுகிறேன் என்று மகள் எழுதினாள். அம்மா பஸ்ஸில் நின்றபடியே படித்துவிட்டு அழுதாள்.

"வீட்ல சொல்லலாமே?" என்று தட்டினாள்.

"எங்கம்மா பாவம், அலுத்துப்போய் வரும். இங்கதான் என்ன ஆச்சுன்னு கேக்க ஆள் இருக்கு. நீ இருக்கே."

அப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மகள் மனம்விட்டுப் பேசி எத்தனை காலம்! அந்த ருசி விடவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம். அம்மா அடுப்படியில், மகள் அறையில், அரட்டை போனில். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, "சரி, அப்புறம் பேசலாம்" என்றாள் மகள். அம்மாவின் விரல் பழக்கதோஷத்தில் தானாக ஓடியது: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில் மகள் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாக்கியம் அது.

கதவு திறந்தது. மகள் அடுப்படிக்கு வந்து அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள்.

"நீயாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்டி தங்கம். இனிமே எங்கிட்டயே சொல்லு. அம்மா கேக்குறேன், சத்தியமா கேக்குறேன்."

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எனக்குன்னு இருந்ததே ஒரே ஒரு ஃப்ரெண்டும்மா," என்றாள். "அவளும் இல்லையா?"