நெற்றி வெள்ளை

1942-இல், ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு, செஞ்சியில் பால்சாமியின் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: பால்சாமி, அவர் மனைவி ராயம்மாள், மகள் ஞானம், பால்சாமியின் தம்பி ஆரோக்கியநாதன்; வல்லத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் லூர்துமேரி, அவள் தம்பி செபாஸ்தியான். வேறு யாரும் இல்லை.

பால்சாமியின் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஓர் அடையாளம் உண்டு. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறக்கும்போதே வெள்ளையாக இருக்கும். பால்சாமிக்கு இருந்தது. ஞானத்துக்கு இருந்தது. ஆரோக்கியநாதனுக்கும் இருந்தது, அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பெண் பார்க்க ஆள் வரும் நாளில் அவனைச் சிங்கவரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த கொல்லைக்கு அனுப்பிவிடுவார்கள். பால்சாமியின் தங்கைகள் இருவரையும் அப்படித்தான் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு பெரிய தங்கையின் மாமியார் வீட்டில் விஷயம் தெரிந்து, "மறைச்சிக் குடுத்த வீடு" என்று ஒரு சொல் சொன்னார்கள். பால்சாமி அதை மறக்கவில்லை. இந்தத் தடவை தம்பிக்கு வெளுத்த சட்டை போடச் சொல்லி, தன் பக்கத்திலேயே உட்காரவைத்தார்.

செபாஸ்தியான் வெகுநேரம் ஆரோக்கியநாதனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் குடித்த சொம்பை ஞானத்தின் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டார்.

"நசுங்கிடும், எடுத்து வைங்க" என்றாள் ஞானம், திரும்பாமல்.

லூர்துமேரி சிரித்துவிட்டாள்.

"இவளுக்குக் கேக்குது, சரி" என்றார் செபாஸ்தியான். "இவ பெத்துக்கப் போற புள்ளைங்களுக்கு?"

"ஒரே அப்பன், ஒரே ஆத்தா, ஒரே வெள்ளை" என்றார் பால்சாமி. "எனக்குக் கேக்குது, இவனுக்குக் கேக்கல. பெரியாஸ்பத்திரி டாக்டரையே கேட்டேன். அடையாளம் ரத்தத்துல வருது, அது யார் உடம்புல எவ்ளோ தூரம் போவும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னாரு."

"டாக்டரு கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. பேரப் புள்ளைங்களுக்குக் காது கேக்கும்னு அந்தச் சிலுவையைத் தொட்டு ஒரு சத்தியம் பண்ணுங்க. இப்பவே தாம்பூலம் எடுத்துக்கறேன்."

தாய்மாமன் தாம்பூலத் தட்டைத் தொட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். ஞானத்துக்கு இருபத்துமூன்று வயது. இதற்குமுன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. ராயம்மாள் கணவரைப் பார்த்தாள். சுவரில் சிலுவை கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

"தெரியாது" என்றார் பால்சாமி. "தெரியாததுக்குச் சத்தியம் பண்ற பழக்கம் எங்க வீட்டுல இல்ல."

செபாஸ்தியான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஒக்காருடா" என்றாள் லூர்துமேரி. "நீயும் பெரியண்ணனும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? அவரு சாவறப்பக்கூட தல நெறைய முடி. உனக்கு முப்பதுலயே மொட்டை. உனக்குப் பொண்ணு குடுத்தவரு சத்தியம் பண்ணச் சொன்னாரா?"

"இன்னாக்கா பேச்சு இது? மொட்டையும் செவிடும் ஒண்ணா?"

"ஒண்ணில்லடா. மறைக்கிற மனுசன் தம்பியைக் கூட்டியாந்து நம்ம முன்னாடி ஒக்கார வெப்பாரா?"

லூர்துமேரி விதவை. விதவை தாம்பூலம் எடுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவள் எடுத்தாள். செபாஸ்தியான் சாப்பிடாமல் போய்விட்டார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, கல்யாணம் நடந்தது.

ஞானத்துக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுக்கும் நெற்றிக்கு மேலே வெள்ளை. பெரியவனுக்குக் காது கேட்காது. சின்னவளுக்கு நன்றாகக் கேட்கும்.

பால்சாமி சிலுவையைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தார், அதனால்தான் பேரனுக்கு இப்படி ஆயிற்று என்று வல்லம் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் சத்தியம் செய்யவில்லை.