ஜெபத்துக்கு எழும்பியவள்

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் மரியம்மாவின் தொடையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியை ஒட்டினாள் பிசியோதெரபிஸ்ட் ஜோஸ்மி. படுத்திருப்பது, உட்கார்ந்திருப்பது, நிற்பது எல்லாம் அதில் பதியும். முதல் நாட்களில் நோயாளி எவ்வளவு நேரம் எழுந்து நிற்கிறார் என்பதை வைத்து, இன்னும் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிவரும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடுமாம்.

அவள் கணவர் தாசையனுக்கு அந்தக் கருவியைப் பார்த்தாலே பயம். துபாயில் இருக்கும் மகன் சிஜு கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: நாள் இழுக்கும் என்றால் அம்மையைத் திருவனந்தபுரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடலாம். நல்ல இடம்தான். ஆனால் பெண்கள் மட்டும் தங்கும் இடம். கல்யாணமான நாள் முதல் மரியம்மா இல்லாத வீட்டில் தாசையன் உறங்கியதில்லை. பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்குப் போனபோதுகூடப் பின்னாலேயே போய், மாமனார் வீட்டில் தங்கி, ஊராரின் கேலியை வாங்கிக்கொண்டவர்.

மரியம்மாவோ ஜோஸ்மிக்குப் பிடிகொடுக்கவில்லை. வாக்கரைப் பிடித்து ஒருதரம் எழுந்தாள். வலிக்கிறது என்று உடனே உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் கூப்பிட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். நாள் இழுக்கும் போலிருக்கிறது என்று டாக்டர் சொன்னதைத் தாசையன் மகனிடம் மறைத்தார். சிஜு தானே டாக்டரைப் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் கம்ப்யூட்டர் வேறு கதை சொன்னது. நேற்று சாயங்காலம் மரியம்மா வெகுநேரம் நின்றிருக்கிறாள். சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டர் நம்பவில்லை. தாசையன் கருவியைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்டு நின்றிருப்பார் என்று நர்ஸுகள் சிரித்தார்கள். சிஜுவும் போனில் அதையே கேட்டான். அவள் எப்போது நின்றாள் என்று தாசையனுக்கும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கருவியைச் சோதிக்க ஜோஸ்மி வந்தபோது, அவர்களுடைய வெள்ளறடை சபையிலிருந்து ஜெபக்குழு வந்து கட்டிலைச் சுற்றி நின்றிருந்தது. அதை நடத்தும் சத்தியராஜ் ஜெபிக்கத் தொடங்கினால் அடுப்பில் கறி கரிந்துவிடும் என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். அவர் கண்ணை மூடினார்.

மரியம்மா போர்வையை விலக்கினாள். காலைக் கீழே இறக்கி, வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றாள். தாசையனின் கை தானாக அவள் முதுகுக்குப் போனது. சத்தியராஜ் டாக்டர்களுக்காக ஜெபித்தார். நர்ஸுகளுக்காக, வார்டில் கிடக்கும் ஒவ்வொருவருக்காக, எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்காக, ரப்பருக்கு விலை கிடைப்பதற்காக. மரியம்மாவின் நெற்றி வியர்த்தது. பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டாள். ஆமென் சொல்லிய பிறகே உட்கார்ந்தாள்.

"நேத்தும் இப்பிடித்தானா, மாமா?" என்று கேட்டாள் ஜோஸ்மி.

தாசையனுக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவர் முகம் விரிந்தது. "நேத்து ரெண்டு கூட்டம் வந்துது. ஜெபத்துக்கு இவ படுத்துக் கெடந்து நான் கண்டதில்ல. சிஜுவைப் பெத்த அண்ணைக்கும் எழும்பி நின்னவளாக்கும்."

"பின்ன எனக்கிட்ட மட்டும் என்ன மாமி பிணக்கு?"

"வெறுதே நடந்து நான் எங்க போக, மக்கா?" என்றாள் மரியம்மா.

ஜோஸ்மி யோசித்தாள். அடுத்த நாள் ஜெபக்குழு வந்ததும், வராந்தாவின் கடைசி அறையில் துணைக்கு ஆளில்லாமல் கிடந்த ஒரு பெண்ணுக்காக ஜெபிக்க அவர்களை அங்கே அழைத்துப் போனாள். மரியம்மாவும் வாக்கரோடு புறப்பட்டாள். எதிரே வந்த டாக்டர் ஒதுங்கி நின்று பார்த்தார். நர்ஸுகள் இப்போது சிரிக்கவில்லை. தாசையன் அவள் பக்கத்தில், கல்யாண நாளில் ஆலயத்தை விட்டு இறங்கியபோது நடந்த மிடுக்கோடு நடந்தார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, தாசையனே மகனுக்குப் போன் போட்டார்.

"எலே சிஜு, திருவனந்தபுரத்துக்கு ஆளு வரல்லண்ணு சொல்லிரு. ஒனக்க அம்மை எனக்க கூட வீட்டுக்கு வாறா."

"நடந்து வாறாண்ணு சொல்லுங்க," என்றாள் மரியம்மா.