திருவுளச்சீட்டு

பாவத்தைச் சொல்லிவிட்டால் மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் அடைக்கலநாதன் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து முழந்தாளிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு முதல் நற்கருணை. அவளுக்குப் பக்கத்தில் நின்று தானும் வாங்க வேண்டும். அதற்குச் சுவாமியார் முதலில் மன்னிப்புத் தந்தால்தானே!

“செய்ததுக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுறீங்களோ?”

“பிழைதான் சுவாமி. ஆனா நல்லதுக்குத்தானே செய்தனான்.”

அந்தக் கரையில் கரைவலை இழுக்க எந்த இடம் யாருக்கு என்பதை ஆண்டுதோறும் அந்தோனியார் கோவில் முற்றத்தில் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் தீர்ப்பார்கள். சீட்டில் வருவது அந்தோனியார் தருவது. அதற்கு மேல் பேச்சில்லை. இந்த முறை சீட்டெடுத்தவர் அடைக்கலநாதன். மீனை அள்ளித் தரும் இடத்துக்கு வந்தது எமில்ராஜின் பெயர். அடைக்கலநாதன் கூசாமல் ‘மக்டலீன்’ என்று வாசித்துவிட்டுச் சீட்டை மடியில் செருகிக்கொண்டார். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள், வலையை விற்க நின்றவள். இன்று அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. மகள் ஜெசிதா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பஸில் படிக்கிறாள். இதில் எங்கே வந்தது பாவம்?

“திரும்பவும் அப்பிடி ஒரு நிலை வந்தா?” என்று கேட்டார் சுவாமியார்.

“செய்வன்.” அந்த இடத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“நல்லது வந்ததெண்டதுக்காகக் களவு களவில்லாமல் போகாது. மனஸ்தாபமில்லாமல் நான் எப்பிடி மன்னிப்புத் தாறது? முதல்லை எமில்ராஜிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

அடைக்கலநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசன் ஒருநாளாவது பட்டினி கிடந்திருப்பாரா? அதே கோபத்தோடு சைக்கிளை மிதித்தார்.

எமில்ராஜ் முற்றத்தில் கிழிந்த வலையை ஊசியால் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்கோ அண்ணை. இந்த வருசமும் அந்தோனியார் எனக்குத் தரேல்லை, பாத்தீங்களே? குடிச்சுத் திரிஞ்சவனை அவர் இன்னும் மன்னிக்கேல்லை போலை. குடியை விட்டு எவ்வளவு காலமாச்சு, அவருக்குத் தெரியாதோ?”

அந்தோனியாரின் பெயரால் இவனுக்குத் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அடைக்கலநாதனுக்கு உறைத்தது.

“எமில், அந்தோனியார் உனக்குத்தான் தந்தவர். சீட்டிலை வந்தது உன்ரை பேர்தான். மக்டலீன்ரை கஷ்டம் பாக்கேலாமல் நான்தான் மாத்தி வாசிச்சனான்.”

ஊசி நின்றது. அடிக்க வருவான் என்று பார்த்தார்.

“எனக்கு வந்ததோ?” எமில்ராஜின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகுதான் வாடியது.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, மக்டலீன் அக்காவுக்கு நானே விட்டுக் குடுத்திருப்பனே அண்ணை.”

சுவாமியாரிடம் ‘செய்வன்’ என்று சொன்னது அடைக்கலநாதனுக்கு இப்போது கூசியது. கேட்டுப் பார்க்கலாம் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.