ஒரே டிவிடியில் அடங்கிய கல்யாணம்

செவ்தாவின் கல்யாண டிவிடி எழுதி முடிக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை மதியம், அவளுடைய அம்மா ஸ்லாவ்காவின் முகம் சதுரங்களாக மாறியது. அப்போது அவள் ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். நெற்றி ஒரு சதுரம், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு, வாய் இருந்த இடத்தில் சற்றே சிவந்த இன்னொன்று. வலி எதுவும் இல்லை. கடைக்காரி மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, "மூஞ்சில என்னமோ ஆயிருக்குக்கா, வீட்ல போய்ப் பாருங்க" என்றாள். அன்று ரொட்டி விலை ஏறியிருந்ததால் வரிசையில் நின்றவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

எங்கள் ஊரான ட்ரெனோவோவில் வீடியோ எடுப்பவன் நெத்கோ ஒருவன்தான். ஒருவன்தான் என்பதைத் தவிர அவனிடம் வேறு தகுதி எதையும் நான் கண்டதில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு கடை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் எங்கிருந்தோ திருடிப் போட்ட ஒரு மென்பொருள். எவ்வளவு நீளமான படத்தையும் அது சுருக்கி டிவிடிக்குள் திணித்துவிடும். திரையில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. வலப்பக்கம் தள்ளினால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் இடம் பிடிக்கும். இடப்பக்கம் இழுத்தால் இடம் மிச்சம், படம் நாசம். நெத்கோ அதை வலப்பக்கம் தள்ளி யாரும் பார்த்ததில்லை.

பழியை அவன் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. எங்கள் ஊர்க்காரர்களின் புத்திசாலித்தனத்துக்கும் அதில் பங்கு உண்டு. இங்கே ஒரு கல்யாணம் ஒரே டிவிடியில் அடங்கியாக வேண்டும். இரண்டாகக் கொடுத்தால் தம்பதி பிரிந்துவிடுவார்களாம். மேட்டுத் தெருப் பெண் ஒருத்தியின் கல்யாணம் இரண்டு டிவிடியாக வந்தது. மாப்பிள்ளை சைப்ரஸுக்கு வேலைக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். கல்யாணத்துக்கு முன்பே அவன் அப்படிப்பட்டவன்தான் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் குற்றம் இரண்டாவது டிவிடி மேல் விழுந்தது. பாதிரியாரும் அதை ஆமோதித்தார். இப்படித்தான் எங்கள் ஊரில் ஐதீகங்கள் பிறக்கின்றன.

செவ்தாவின் கல்யாணம் இரண்டு நாள் நடந்தது. சடங்குப்படி வாசலில் பெண்ணுக்குப் பேரம் பேசியது, மணப்பெண் செம்பு வாளியை எட்டி உதைத்தது, ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிய்த்தது, பிறகு முடிவில்லாத ஆட்டம். கல்யாணத்தை முன்னின்று நடத்தும் ஞானத்தகப்பன் தோபிர். மரக்கடை வைத்திருப்பவர், தன் குரலைத் தானே ரசிப்பவர். அவர் நெத்கோவின் கடைக்கு வந்து, ஒரு நிமிடத்தைக்கூட வெட்டக் கூடாது என்று கறாராகச் சொன்னார்.

"நான் ஆடுனது முழுசா இருக்கணும். வெட்டுன, உன்னை வெட்டிடுவேன்."

"அப்ப ரெண்டு டிவிடி ஆகும்ணே."

"ரெண்டா? சின்னஞ்சிறுசுங்க வாழணுமா வேணாமாடா?"

நெத்கோ குமிழை இடது ஓரம் முட்டும்வரை இழுத்தான்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. அசைகிறதைத்தான் அது மதிக்கும். அசையாததை ஒருமுறை பார்த்துவிட்டு, இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும். தோபிர் இரண்டு நாளும் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு கேமரா முன்னால் குதித்தார். ஸ்லாவ்கா சுவரோரம் ஒரு நாற்காலியில், மடியில் கைப்பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் மகள் புருஷனோடு ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறாள், எப்போது திரும்புவாள் என்று தெரியாது. ஆட வரச்சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தவர்களிடம், "விடுங்க, எம் பொண்ணைப் பாத்து வச்சுக்கிறேன்" என்றாள். அந்தக் கல்யாணத்தைக் கண்கொட்டாமல் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மென்பொருள் அவளைச் சுவரோடு சேர்த்துவிட்டது.

தோபிருக்கு நேர்மாறாக நடந்தது. அவர் முகம் முன்பைவிடத் தெளிவாகிவிட்டது. மீசையின் ஒவ்வொரு முடியும் தெருமுனையிலிருந்தே தெரிந்தது. உதட்டில் ஒட்டியிருந்த ஆட்டுக் கொழுப்பும் தெரிந்தது, எத்தனை முறை கழுவியும் அது போகவில்லை. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

செவ்தா கிளம்பும்வரை ஸ்லாவ்கா பல்வலி என்று சொல்லி முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் பேருந்து ஏறியதும் நேராக நெத்கோவின் கடைக்குப் போனாள்.

"திரும்ப எழுதுடா. மூணு டிவிடி ஆனாலும் பரவாயில்ல."

"எதை வச்சுக்கா எழுதுறது? அந்த கேசட் மேலயே மறுவாரக் கல்யாணத்தை எடுத்துட்டேனே."

"என் மூஞ்சிடா அதுல இருந்தது."

"நீங்க கொஞ்சம் அசைஞ்சிருக்கலாம்லக்கா" என்றான் நெத்கோ. சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டேதான் சொன்னான்.

ஸ்லாவ்கா அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே பயம். மகள் திரும்பி வரும் நாளில் தன்னைத் தெரியாமல் தாண்டிப் போய்விடுவாள் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரில் மகளோடு பேசுவாள். திரையில் சதுரங்களைப் பார்த்த செவ்தா, லைன் சரியில்லை என்று இணையக் கம்பெனிக்காரனைத் திட்டுவாள். ஸ்லாவ்கா அவளைத் திருத்தவில்லை. மூன்று வருடம் அந்தக் கம்பெனி வீணாகத் திட்டு வாங்கியது.

அதற்குள் ஊரில் சதுர முகங்கள் பெருகிவிட்டன. ஒவ்வொரு கல்யாண டிவிடிக்குப் பிறகும் முழங்கால் வலிக்காரர்கள், கூச்சக்காரர்கள், நடனம் தெரியாதவர்கள் என்று சிலர் கூடினார்கள். மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் நெத்கோவை உதைத்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் ஆடக் கற்றுக்கொண்டார்கள். எந்தக் கேமரா எங்கே இருக்குமோ என்று தேவாலயத்தில் தோளைக் குலுக்கினார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் கையை வீசினார்கள். சவ அடக்கத்திலும் இடுப்பை அசைத்துக்கொண்டே அழுதார்கள். சதுர முகக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் ஆடினார்கள். இந்த லட்சணத்தில் வாழ்க்கை நடந்தது, யாருக்கும் வெட்கமில்லை.

ஆகஸ்டில் வருவதாகச் செவ்தா சொன்னாள். ஜூலையில் தோபிரின் மகனுக்குக் கல்யாணம். அதில் ஆடினால் புது டிவிடியில் புது முகம் வந்துவிடும் என்று எல்லோரும் ஸ்லாவ்காவுக்குப் புத்தி சொன்னார்கள். கேமராவை அவள் மேலேயே வைப்பதாக நெத்கோ பெரிய மனதோடு வாக்களித்தான். அவளும் மகளை நினைத்துக்கொண்டு போனாள். கைகோர்த்து ஆடும் வட்டத்தில் நுழைந்து இரண்டு பக்கத்துக் கைகளையும் பிடித்தாள். அப்போது தோபிர் கத்தினார்: "குதி ஸ்லாவ்கா, நல்லாக் குதி, அப்பத்தான் மூஞ்சி வரும்."

ஸ்லாவ்கா கைகளை விட்டாள். போய்ச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எம் பொண்ணு கல்யாணத்துலயே நான் ஆடல. இவன் மவன் கல்யாணத்துல குதிச்சா எனக்கு மூஞ்சி வரணும்? ஒண்ணும் வேணாம்."

பிறகு அசையவே இல்லை. அந்த டிவிடி எழுதப்பட்ட பின் அவளுடைய கழுத்தும் கைகளும்கூடச் சதுரங்களாயின.

ஆகஸ்டில் பேருந்து வந்தபோது நிலையத்தில் பாதி ஊர் நின்றது. பாசத்தால் அல்ல, ஸ்பெயின் சாக்லேட்டுக்காக. ஸ்லாவ்காவின் வயதில், ஸ்லாவ்காவைப் போலவே சதுர முகத்தோடு பல பெண்கள் கூட்டத்தில் இருந்தார்கள். எல்லோரும் கையை ஆட்டினார்கள், தோளைக் குலுக்கினார்கள். தோபிர் முன்வரிசையில் இரண்டு கைகளையும் விரித்துக் குதித்துக்கொண்டிருந்தார். ஸ்லாவ்கா கடைசி பெஞ்சில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். 

செவ்தா இறங்கினாள். குலுங்கும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். தோபிரின் விரித்த கைகளைத் தாண்டி, சதுர முகப் பெண்களைத் தாண்டி, நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?" என்றாள் ஸ்லாவ்கா.

"என் கல்யாணத்துல நான் எப்பத் திரும்பிப் பாத்தாலும் நீ இப்படியேதானேம்மா உக்காந்திருந்த."

கண்கள் இருந்த சதுரங்கள் நனைந்தன. ஸ்லாவ்கா கைக்குட்டையை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டாள். மறு வருடம் ஸ்பெயினுக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்தபோது, அதிகாரி புகைப்படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சதுரங்கள் ஒத்துப்போகின்றன என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.